இருபத்து நாலு காதில் ஒரே வில்லை

பொன்மணியின் செவலை மாடு ஒரே நேரத்தில் இருபத்து நாலு இடத்தில் நின்று கூளம் தின்றுகொண்டிருந்தது. இதைக் கூட்டிச் சொல்லவில்லை. சர்க்கார் செல்போனே சொன்னது. கூட்டிச் சொல்வதாக இருந்தால் நாற்பது என்றல்லவா சொல்லவேண்டும்?

தாயில்பட்டியைத் தாண்டி, பஸ் நிற்பதா வேண்டாமா என்று யோசித்துவிட்டு நிற்கிற ஊர். தீபாவளிக்கு மறுநாள் பட்டாசுக் கம்பெனிகள் பூட்டுப் போட்டால் அத்தனை சனமும் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடும். ஐப்பசி வரை வெள்ளிப் பொடி அப்பி நடமாடிய ஆம்பளைகள் கார்த்திகையில்தான் சொந்த நிறத்துக்குத் திரும்புவார்கள். 'இவரையா கட்டினோம்' என்று சில பெண்டாட்டிமார் திடுக்கிடுவதும் அந்த மாதத்தில்தான்.

பொன்மணிக்குக் கம்பெனியில் பேக்கிங். புருசன் சங்கிலிமுத்துவுக்கு லோடு ஏற்றும் வேலை. கம்பெனி பூட்டிக் கிடக்கிற நாட்களில் அந்த வீட்டில் சம்பாதிக்கிற ஒரே சீவன் செவலைதான். காலையில் ஒரு கறவை, சாயங்காலம் ஒரு கறவை. பொன்மணி வரப்பு வரப்பாகப் புல்லறுத்துப் போடுவாள். செவலை அதைப் பாலாக்கிக் கொடுக்கும். பால் சொசைட்டி அதை அரிசியாகவும் கருவாடாகவும் மாற்றும். அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் அடுப்பில் பூனை படுத்துக்கொள்ளும்.

இனி வில்லைக்கு வருவோம். மாட்டுக்குக் காதில் மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை அடிக்கிறார்கள் அல்லவா, பன்னிரண்டு இலக்க நம்பரும் கீழே கோடு கோடாக பார்கோடும் போட்டு? ஊரில் அதற்கு மாட்டு ஆதார் என்று பேர். பொம்பளைகள் கம்மல் என்பார்கள். போனை அதன் முன்னால் காட்டினால் மாட்டின் உடமைக்காரர் பேர், போட்ட ஊசி, ஈன்ற கன்று எல்லாம் வந்து விழும். வில்லை இல்லாத மாட்டுக்கு ஊசி கிடையாது, சினை போட முடியாது, சொசைட்டியில் தவிடு தரமாட்டார்கள். ஆனால் மாட்டுக்கு இதெல்லாம் தெரியுமா? காது அரித்தால் சீமைக்கருவேலத்தில் போய்த் தேய்க்கும். செவலை ஆடி மாதம் தேய்த்த தேய்ப்பில் வில்லை இரண்டாகப் பிளந்து, நம்பர் போட்ட பாதியைப் பொன்மணி சாணிக்குள்ளிருந்து எடுத்தாள். புது வில்லை கேட்டால் 'மேல இருந்து வரணும்' என்றார்கள். ஆவணி போயிற்று. மேலே இருந்து மழை வந்தது, வில்லை வரவில்லை.

பொன்மணியின் மகள் பிரீத்திகா திருத்தங்கலில் லேபிள் அச்சாபீசில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். புஸ்வாணப் பெட்டியில் மயிலுக்கு எத்தனை தோகை, ராக்கெட்டுக்கு எத்தனை வால் என்று தீர்மானிக்கிற பொறுப்பு அவளுடையது. உடைந்த வில்லையைப் போட்டோ பிடித்துக்கொண்டு போனவள் மறுநாள் சாயங்காலம் பையிலிருந்து மஞ்சள் வில்லைகளைக் குவியலாகக் கொட்டினாள். அசல் தோற்றது. அசலில் மங்கியிருந்த கோடுகள் இதில் கன்னங்கரேலென்று நின்றன.

"ஏ புள்ள, ஒண்ணுதான கேட்டேன்?" என்றாள் பொன்மணி.

"ஒண்ணு அடிச்சாலும் ஷீட்டு ஒண்ணுதாம்மா. ஒரு ஷீட்டுக்கு இருபத்து நாலு பிடிக்கும். காலியா விட்டா மெசின்காரரு வெள்ளைத்துரை அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்துரும்."

"எல்லாத்துலயும் ஒரே நம்பரால்ல இருக்கு?"

"நீ எத்தன வருசமா பாக்கெட்டு ஒட்டுற? ஒரு பாக்கெட்டுல ஒரு நம்பரும் அடுத்த பாக்கெட்டுல வேற நம்பருமா இருக்கு? பார்கோடுங்கிறது சரக்குக்கும்மா, டப்பாவுக்கு இல்ல. மாட்டுக்கு மாட்டு லேபிளு. அம்புட்டுத்தான்."

பொன்மணி யோசித்துப் பார்த்தாள். அவள் கையால் ஒட்டிய லேபிள்களை வரிசையாக அடுக்கினால் இருக்கன்குடி மாரியம்மன் கோவிலை மூன்று சுற்றுச் சுற்றி மிச்சத்தைச் சாத்தூரில் மடித்து வைக்கலாம். அத்தனையிலும் ஒரே கோடு, ஒரே நம்பர். எந்தக் கடைக்காரனும் திருப்பி அனுப்பியதில்லை. மகள் சொன்னதில் தப்பு இருப்பதாகத் தோன்றவில்லை.

வில்லை தொலைத்த மாடுகளுக்கு ஊரில் பஞ்சமா? கல்யாண வீட்டு வெற்றிலை பாக்குப் போல வில்லை பறந்தது. டீக்கடை இசக்கிப்பாண்டி ஒன்று வாங்கிப் போனான். பால் சொசைட்டித் தலைவர் கண்ணுச்சாமியின் சம்சாரம் ராமுத்தாய், பத்து ஏக்கர் கரிசலும் மூன்று கறவையும் உள்ளவள், தானே வந்து மூன்று எடுத்துக்கொண்டாள். "எனக்கும் ஒரு சோடி அடிக்கச் சொல்லுத்தா, தங்கம் விக்கிற வெலைக்கு இதையே போட்டுக்கிடுறேன்" என்று சிரித்துவிட்டுப் போனாள். காலண்டரைத் தொங்கவிட ஓட்டைக்குப் போடுகிற ஐலெட் வளையத்தை பிரீத்திகாவே கொண்டுவந்திருந்தாள். மாட்டுக் காதில் பழைய ஓட்டை இருந்தது. அதில் வைத்து நசுக்கினார்கள். ஊர் மாடுகளெல்லாம் அடுத்த வருசக் காலண்டர் மாதிரி நின்றன. ஆணியில் மாட்டாத குறைதான்.

புரட்டாசியில் கால்நடை ஆஸ்பத்திரி உதவியாளர் அய்யப்பன் வந்து, சாம்பிளுக்கென்று ஆறு மாட்டில் ரத்தம் எடுத்துக்கொண்டு போனார். மழை கறுத்துக்கொண்டு வந்த நேரம். காதில் போனைக் காட்டுவதும் குழாயில் நம்பரை ஒட்டுவதுமாக ஓட்டமாக முடித்துவிட்டார். அதை ஊர் மறந்தே போனது.

கார்த்திகையில் தூறல் விழுந்த ஒரு காலையில் டாக்டர் ராஜபாண்டியன் பைக்கை நிறுத்தியபோது பொன்மணி பால் கறந்து முடித்திருந்தாள். டாக்டர் சின்ன வயசு. சொல்லவந்ததைச் சொல்லாமல் மழையைப் பற்றிக் கொஞ்சம் பேசினார்.

"யம்மா, மாட்டுக்கு ரத்தம் எடுத்தாகள்ல, ரிசல்ட்டு வந்திருக்கு. கன்னு வீச்சு நோய். சினை கலைஞ்சு விழும்."

"யாரு மாட்டுக்கு?"

"உங்க மாட்டுக்குத்தான்."

பொன்மணி கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். வைத்துவிட்டு, வைத்தது தெரியாமல் வாளியைத் தேடினாள்.

"இந்தா கன்னுக்குட்டி போட்டு நிக்கி. வீசவே இல்லையே சார்!"

"ஒருக்க வீசிட்டு மறுக்க நல்லாவே ஈனும். வெளிய தெரியாது. நீங்க வாங்குறதுக்கு முந்தியே இருந்திருக்கலாம். மத்த மாட்டுக்கும் பரவும், காய்ச்சாத பாலைக் குடிச்சா மனுசருக்கும் விடாக் காய்ச்சல். இனி பாலு ஊத்தக்கூடாது, விக்கக்கூடாது. எங்க வண்டி வந்து தனிக் கொட்டகைக்கு ஏத்திட்டுப் போயிரும்."

"போயி?"

டாக்டர் தலையில் விழுந்த தூறலைத் துடைத்துக்கொண்டார்.

பொன்மணி மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டே கேட்டாள்: "அப்ப மத்த அஞ்சு மாட்டுக்கு?"

"எந்த அஞ்சு?"

"அன்னிக்கு ஆறு மாட்டுல எடுத்தாரு சார். இசக்கிப்பாண்டி மாடு, ராமுத்தாயம்மா கறவை..."

டாக்டர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு நம்பர், ஒரு ரிசல்ட். அய்யப்பனைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் அய்யப்பன் குரல் தெருவுக்கே கேட்டது.

"ஆறுதான் சார் அனுப்புனேன். லேபுல கேட்டேன் சார். ஆறு குழாயிலயும் ஒரே நம்பரு ஒட்டியிருக்கு, ஒரு மாட்டுக்கு எதுக்கு ஆறு தடவ பாக்கணும்னு ஒண்ணப் பாத்துட்டு அஞ்சக் கொட்டிட்டாகளாம் சார்."

"ஒரே நம்பர் எப்படிய்யா வரும்? ஒட்டும்போது நீரு பாக்கலையா?"

"பன்னெண்டு நம்பரு சார். அம்புட்டு நீளத்துக்கு இருந்தா எல்லாமே ஒண்ணு போலத்தான சார் தெரியும்."

டாக்டர் நேரே ராமுத்தாய் தொழுவத்துக்கு நடந்தார். அவளுடைய கறுப்பு வெள்ளைக் கறவை, ஒரு வேளைக்கு ஒரு குளம் கறக்கிற பசு, தலையாட்டியபடி நின்றது. காதில் போனைக் காட்டினார். உடமையாளர்: பொன்மணி. போனைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி காட்டினார். உடமையாளர்: பொன்மணி. பக்கத்து மாடு: பொன்மணி. அதற்கடுத்தது: பொன்மணி.

"என்ன சார் சும்மா பொன்மணி பொன்மணிங்கீக?" என்று ராமுத்தாய் இடுப்பில் கை வைத்தாள். "எங்க அய்யா சீதனமாக் குடுத்த மாட்டு வம்சம் இது. அவ எப்ப ஓனரானா?"

இசக்கிப்பாண்டி வீட்டிலும் அதே பேர். தெரு முழுக்க அதே பேர். ஒவ்வொரு மாட்டையும் வில்லையோடு போட்டோ எடுத்து முடித்த டாக்டர் சொசைட்டி வாசலில் கவிழ்த்து வைத்திருந்த பால் கேன்மேல் உட்கார்ந்தார். போன் கணக்குப்படி பொன்மணியின் மாடு அந்த வருசத்தில் ஏழு கன்று ஈன்றிருந்தது. ஒரே நாளில் பதினெட்டுத் தடவை கோமாரி ஊசி போட்டுக்கொண்டிருந்தது. "சாமி, இது மாடா, கரையானா?" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

விசயம் வெளியே வந்தது. லேபிள், ஷீட்டு, திருத்தங்கல், எல்லாம். டாக்டர் முகம் வெளிறிவிட்டது.

"இது சர்க்கார் முத்திரைய்யா! யாருக்கும் படலையா இது தப்புன்னு?"

"என்ன சார் தப்பு?" என்றான் இசக்கிப்பாண்டி. "கம்பெனியில பிஸ்கட்டுப் பாக்கெட்டு வாங்குனாலும் எல்லாத்துலயும் ஒரே நம்பருதான போட்டுருக்கு. ஒவ்வொரு பிஸ்கட்டுக்கும் பேர் வச்சா கட்டுபடியாகுமா?"

டாக்டர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே எழுதிப்போட்டால் முதல் மெமோ தனக்கும் அய்யப்பனுக்கும்தான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்கவேண்டும். குரலைத் தாழ்த்தினார்.

"சரி. அச்சடிச்சத அப்புறம் பேசிக்கிடலாம். இப்ப நோய் எந்த மாட்டுக்குன்னு தெரியணும். ஆறுல ஒண்ணு. அது எதுன்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அதுக்குள்ள மத்ததுக்கும் ஒட்டியிருக்கலாம். நாளைக்குக் காலையில வாரேன், இருபத்து நாலு மாட்டுக்கும் ரத்தம் எடுக்கணும்."

இருபத்து நாலு மாட்டில் தன் மாடாக இருந்துவிட்டால்? ஒவ்வொருவர் முகத்திலும் அதே பயம் ஒரே லேபிள் ஒட்டியதுபோல் இருந்தது. கண்ணுச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"எதுக்கு டாக்டரய்யா ஊரு மாட்டையெல்லாம் குத்தணும்? ரிசல்ட்டுல நம்பரு இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"அந்த நம்பரு யாரு பேர்ல இருக்கு?"

"பொன்மணி பேர்ல."

"முடிஞ்சு போச்சுல்ல. நம்பரு எவ பேர்ல இருக்கோ அவ மாடு. இதுல என்ன ஆராய்ச்சி?"

ஊர் விட்ட பெருமூச்சில் சொசைட்டிக் கூரைத் தகரமே ஆடியது என்றால் நம்பவேண்டும். ஆமாம் ஆமாம் என்றார்கள். ரெண்டு மாசம் முன்னால் அவள் கையால் வில்லை வாங்கியவர்களே முந்திக்கொண்டு ஆமாம் என்றார்கள். கண்ணுச்சாமி, பொன்மணி கொண்டுவந்து வைத்திருந்த பால் வாளியை வாங்காமல் ஒற்றை விரலால் தள்ளினார். காலையில் கறந்த பால் விளிம்பில் தளும்பியது. அத்தனை பேர் முன்னாலும் அதைத் தூக்கிக்கொண்டு அவள் திரும்பி நடந்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் திருத்தங்கல் பஸ்ஸில் வந்து இறங்கிய பிரீத்திகாவுக்கு விசயம் பஸ் ஸ்டாப்பிலேயே கிடைத்துவிட்டது. வீட்டுக்குள் வந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதித்தது. யாரும் தட்டு எடுக்கவில்லை.

"யம்மா, என்னையப் பிடிச்சிட்டுப் போயிருவாகளா?"

"உன்னையப் பிடிக்கணும்னா அந்த டாக்டரையும் அய்யப்பனையும் சேத்துல்ல பிடிக்கணும். வாய மூடிட்டுத் தின்னு."

சங்கிலிமுத்து குழம்பைப் பார்த்துத்தான் பேசினார். "விட்டுரு புள்ள. அவுக சொன்னா சொன்னதுதான். தண்டவாளத்துல படுத்துக்கிட்டா ரயில் நிக்குமா?"

"நோய் இருந்தா நானே அவுத்துக் குடுப்பேன்" என்றாள் பொன்மணி. "இருக்கான்னே தெரியாம எப்பிடிக் குடுக்க? ஆறுல ஒண்ணுன்னு டாக்டரே சொல்லுதாரு. அது அந்தம்மா கறவையா இருந்தா? என் செவலைய ஏத்திவிட்டுட்டு, நோய் புடிச்ச மாட்டுப் பால ஊரே குடிக்கும். நான் புல்லறுக்கிற அருவாளோட உக்காந்திருப்பேன். ரத்தம் எடுக்கட்டும். அதுக்கப்புறம் எது வேணா நடக்கட்டும்."

வெளியே செவலை அசைபோடும் சத்தம் கேட்டது. குட்டி மடியை முட்டியது. பொன்மணி எழுந்துபோய்க் குட்டியைப் பிரித்துக் கட்டினாள். கட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டாள்.

விடிந்ததும் டாக்டர் வந்தார். பெட்டி நிறையக் குழாய்கள், கூடவே அய்யப்பன். தெருவில் இறங்கி முதல் மாட்டின் காதைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். வில்லை இல்லை. அடுத்த மாடு: இல்லை. ராமுத்தாய் தொழுவத்தில் மூன்றும் மூளிக்காது. வில்லை இருந்த இடத்தில் ஓட்டை மட்டும். அய்யப்பன் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தார், உள்ளே ஒளித்து வைத்திருக்கிறார்களோ என்று.

"வில்லை எங்கம்மா?"

"எந்த வில்லை?" என்றாள் ராமுத்தாய்.

"நேத்து இருந்துச்சே!"

"எங்க மாட்டுக்கா? கெடையவே கெடையாதே. ரத்தமும் எடுக்கல. ஏங்க, நம்ம மாட்டுக்கு ரத்தமா எடுத்தாக?"

கண்ணுச்சாமி துண்டால் வாயைப் பொத்தித் தும்மினார். இசக்கிப்பாண்டி ஒருபடி மேலே போனான். "எனக்கு மாடே கெடையாது சார். இங்கன நிக்குதே, இது எங்க சித்தப்பா மாடு. வெருந்தாளி வந்திருக்கு."

ஊரில் வில்லையோடு மிச்சமிருந்தது ஒரே ஒரு மாடு. பொன்மணியின் செவலை.

"உடமைக்காரக வந்து பிடிச்சுக் குடுக்காம நான் ரத்தம் எடுக்க முடியாது" என்று டாக்டர் கையை விரித்தார். "மதியம் வண்டி வருது. இப்ப நான் என்ன செய்ய?"

"நம்பரு இருக்கிற மாட்ட ஏத்திட்டுப் போங்க" என்றார் கண்ணுச்சாமி. "அம்புட்டுத்தான சட்டம்?"

பொன்மணி கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தாள். அவள் கையில் கயிறு இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. வந்து டாக்டர் முன்னால் நின்றாள்.

"சார், நேத்து போட்டோ எடுத்தீகள்ல. காட்டுங்க."

டாக்டர் காட்டினார். ஒவ்வொரு மாடும், காதும், வில்லையும், பின்னால் அந்தந்த வீட்டுச் சுவரும் பளிச்சென்று இருந்தன. ராமுத்தாயின் கறவைக்குப் பக்கத்தில் ராமுத்தாயே இளித்துக்கொண்டு நின்றாள்.

"இந்த மாட்டுல நம்பரு யாரு பேருக்கு வந்துச்சு?"

"உங்க பேருக்கு."

"சொசைட்டித் தலைவரு நேத்து என்ன சொன்னாரு? நம்பரு எவ பேர்ல இருக்கோ அவ மாடுன்னாரு. ஊரும் ஆமான்னுச்சு." அவள் ராமுத்தாயின் தொழுவத்துக்குள் நுழைந்தாள். "என் மாட்ட நான் அவுத்துட்டுப் போறேன்."

கறுப்பு வெள்ளைக் கறவையின் கழுத்தில் கயிறு விழுந்தது. முளையிலிருந்த முடிச்சு அவிழ்ந்தது. பசுவுக்கு வழக்கு வியாச்சியம் தெரியாது. புல் வாசம் வீசுகிற கையைப் பார்த்ததும் குட்டிபோல் பின்னால் நடந்தது.

ராமுத்தாய் போட்ட கூச்சலில் கண்மாயில் மேய்ந்த கொக்கெல்லாம் எழும்பிவிட்டன. "ஏ! ஏ பொன்மணி! எவ வீட்டு மாட்டுலடி கைய வைக்க! பட்டப்பகல்ல கொள்ளையா? ஏங்க, மரமாட்டம் நிக்கீக!"

"கொள்ளையில்லம்மா. நோய்னா எனக்கு, கறவைன்னா உங்களுக்கா? எனக்குன்னா எல்லாம் எனக்கு."

"விடுடி கயித்த!"

"இது உங்க மாடுன்னு சொல்லுங்க, விடுறேன்."

"எங்க மாடுதான்!"

"அப்ப நேத்து இதுல வில்லை இருந்துச்சா, இல்லையா? ரத்தம் எடுத்தாகளா, இல்லையா?"

ராமுத்தாய் முந்தி முடிச்சைப் பொத்திக்கொண்டாள். பொன்மணி நிற்கவில்லை. சங்கிலிமுத்து லோடு கட்டுகிற கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு எப்போது வந்தார் என்று தெரியாது. இசக்கிப்பாண்டியின் 'சித்தப்பா மாட்டை' அவிழ்த்துக்கொண்டிருந்தார். லோடு ஆளின் முடிச்சு அவிழ்க்கத் தெரிந்தவர் அந்த ஜில்லாவில் இல்லை. அவிழ்த்துக் கட்டிக்கொண்டே வந்தார். தெருவில் ஐந்து மாடு, ஏழு மாடு, ஒன்பது மாடு. குட்டிகள் தாயைத் தேடி ஓட, நாய்கள் குட்டிகளைத் துரத்த, கிழவர்கள் நாய்களை வைய, ஊர் தீபாவளி விடியற்காலையை விடச் சத்தமாக இருந்தது.

"சார், பாத்துக்கிட்டு நிக்கீகளே!" என்று இசக்கிப்பாண்டி அழுதேவிட்டான்.

"உனக்குத்தான் மாடே கெடையாதேய்யா" என்றார் டாக்டர். அன்றைக்கு அவர் முகத்தில் ரத்தம் ஓடியது அப்போதுதான்.

"என் மாடு சார்! என் பொண்டாட்டி சத்தியமா என் மாடு! வில்லையைப் புடுங்கி ஓலைக்குள்ள சொருகி வச்சிருக்கேன். எடுத்துக்கிடுங்க ரத்தத்த, ஒரு படி வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க!"

அதற்குமேல் ஊர் தாங்கவில்லை. கூரை இடுக்கு, அரிசிப் பானை, சாமி படத்தின் பின்புறம் என்று வில்லைகள் வெளியே வந்தன. கடைசியாகக் கண்ணுச்சாமி பெஞ்சாதியைப் பார்க்காமல், "எடுத்துக் குடு" என்றார். ராமுத்தாய் முந்தி முடிச்சிலிருந்து மூன்றையும் எடுத்து டாக்டர் காலடியில் எறிந்தாள்.

இந்தத் தடவை டாக்டர் தன் கையாலேயே ஒவ்வொரு மாட்டின் விலாவிலும் பெயிண்டால் எண் எழுதி, குழாயில் வீட்டுக்காரர் பேரையும் எழுதினார். உதவிக்கு வந்த பிரீத்திகாவிடம், "தாயி, நீ மட்டும் பேனாவத் தொடாத" என்று கும்பிட்டார். பொன்மணி செவலையை முதல் ஆளாகப் பிடித்துக் கொடுத்தாள். கழுத்தில் ஊசி இறங்கும்போது மாட்டின் கண்ணை முந்தானையால் மூடிக்கொண்டாள். வண்டி வெறுமனே திரும்பியது.

ரிசல்ட் வரும்வரை சொசைட்டி ஊர்ப் பாலை எடுக்கவில்லை. அந்த ஒரு வாரம் பால்கோவா கிண்டாத வீடு கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் கேள்விப்பட்டுக் கவலைப்பட்டதாகப் பேச்சு. ஊர்ப் பூனைகளெல்லாம் நடக்கமுடியாமல் உருண்டன. பொன்மணி மட்டும் தன் பாலைக் கறந்து கறந்து குழியில் ஊற்றினாள். யாரும் அவளோடு பேசவில்லை. ராமுத்தாய் தெருவில் எதிர்ப்பட்டால் காறித் துப்பிவிட்டுப் போனாள்.

டாக்டர் வந்தபோது அத்தனை பேரும் சொசைட்டி வாசலில் கூடியிருந்தார்கள். ராமுத்தாய் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தாள். டாக்டர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கூட்டத்தைக் கடந்து நேரே பொன்மணியின் தொழுவத்துக்குப் போனார். பின்னால் வந்த கூட்டத்துக்கு முன்னால் செவலையின் முதுகில் கையை வைத்தார்.

"மத்த இருபத்து மூணும் சுத்தம்" என்றார்.

அத்தனை சனத்தில் ஒருத்தரும் பெருமூச்சு விடவில்லை. சிரிக்கவேண்டும் என்று ஒரு வாரமாகக் காத்திருந்தவர்களுக்கும் சிரிப்பு வரவில்லை. இசக்கிப்பாண்டி, "ச்சே" என்று தரையைப் பார்த்தான். கண்ணுச்சாமி தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

பொன்மணி உள்ளே போய் ஒரு குத்துத் தவிடு எடுத்துவந்து செவலைக்கு வைத்தாள். அது தின்று முடிக்கிறவரை, டாக்டரோடு வந்திருந்த வண்டிக்காரனைக் காத்திருக்கச் சொன்னாள். தின்று முடித்ததும் அவளே கயிற்றைப் பிடித்துப் பலகையில் ஏற்றினாள். குட்டியைப் பிரித்துத் தனியாகக் கட்டச் சொல்லி, அதற்குப் பின்னால் சோதனை என்று டாக்டர் சொன்னார். வண்டி தெருமுனை திரும்புகிறவரை சங்கிலிமுத்து பின்னாலேயே போனார்.

சாயங்காலம் வாசலில் நிழல் விழுந்தது. ராமுத்தாய். இடுப்பில் பால் சொம்பு.

"ஏத்தா பொன்மணி" என்றாள். கோபமா வருத்தமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. "இம்புட்டுக் கூத்தும் அடிச்சு, கடைசியில அதேதான நடந்துச்சு? அன்னிக்கே விட்டிருந்தா ஊருக்கு ஒரு வாரப் பாலாவது மிச்சமாயிருக்கும்ல?"

"அன்னிக்கு விட்டிருந்தா அது நீங்க சொல்லிப் போயிருக்கும்மா. இன்னிக்கு நோவு வந்து போயிருக்கு."

ராமுத்தாய் தொழுவத்தை எட்டிப் பார்த்தாள். தொழுவத்தில் குட்டி தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்தது.

"காலையில இருந்து கத்துதே. என்ன குடுத்த?"

"கஞ்சித் தண்ணி. மோந்துட்டு விட்டுருச்சு."

"கஞ்சியா குடுக்க அதுக்கு? கூறு கெட்டவளே. காய்ச்சி ஆத்திக் கொண்டாந்திருக்கேன். பாட்டில எடு." சொம்பைச் சாய்த்தவள், ஞாபகம் வந்தவளாக நிறுத்தினாள். "இதுக்கு நீ ஒண்ணும் தரவேண்டாம்."

பொன்மணி பாட்டிலை இரண்டு கையாலும் நேராகப் பிடித்தாள்.

"நான் எதுக்கும்மா தரணும்? உங்க கறவை போன்ல இன்னும் என் பேர்லதான் கெடக்கு. டாக்டரு மாத்தல. என் மாட்டுப் பால என் குட்டிக்கு ஊத்துறீக. சிந்தாம ஊத்துங்க."